அவர்களும் முழந்தாளிட்டார்கள்

பல்கலைக்கழகம் புகும் பிள்ளையை ஆசீர்வாதத்திற்காகக் குருவானவரிடம் அழைத்து வருவது நம் குடும்பங்களின் நல்ல வழக்கம். பெட்டி கட்டி, செபமாலையைக் கையிற் கொடுத்து, கண்கலங்கி நிற்கும் தாயின் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "சுவாமி, அங்கே பகிடிவதை செய்வார்களாமே?"

அந்த அச்சம் நியாயமானது. 1975இல் பேராதனையில் பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருத்தி நடமாட்டம் இழந்தாள். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவன் ஒருவன், மூத்த மாணவரால் அளவுமீறிய உடற்பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து மரித்தான். எல்லை மீறி வருத்தப்படும் தசை சிதைந்து, அச்சிதைவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். "தோப்புக்கரணம் போட்டால் உயிரா போய்விடும்?" என்று சிரிப்பவர்கள் இதனை அறிந்திருக்க வேண்டும்.

பகிடி எங்கே முடிகிறது? வதை எங்கே தொடங்குகிறது? 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. உடற்காயம் மட்டுமன்று, உளக்காயம், மனவேதனை, அச்சம் ஆகியவற்றை விளைவிப்பதும், விளைவிக்கக் கூடியதுமான செயல் எதுவும் பகிடிவதையே. செய்தவருக்கு மட்டுமன்றிப் பங்குகொண்டவருக்கும் இரண்டு ஆண்டுகள் வரை கடூழியச் சிறை உண்டு. பாரதூரமான காயமோ பாலியல் தொந்தரவோ நேர்ந்தால் பத்து ஆண்டுகள் வரை சிறை.

சட்டத்திற்கு முன்னரே சுவிசேஷம் இதனை நமக்குக் காட்டியிருக்கிறது. மத்தேயு 27ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். படைவீரர்கள் இயேசுவின் ஆடையைக் களைந்து, செந்நிறப் போர்வை போர்த்தி, முள்முடி சூட்டி, கையிலே கோலைக் கொடுத்து, அரசனென்று வாழ்த்துகிறார்கள். அவர்களும் முழந்தாளிட்டார்கள், ஆனால் அது ஆராதனையன்று, பகிடி. இதற்கென்று படைப்பிரிவு முழுவதையும் கூட்டினார்கள். தனியே நின்றிருந்தால் அவர்களில் எத்தனை பேர் துணிந்திருப்பார்கள்? கூட்டம் மனச்சாட்சியை உறங்கவைத்துவிடுகிறது.

புனித அகுஸ்தீனாரும் இதற்குச் சாட்சி. 4ஆம் நூற்றாண்டிலே கார்த்தேஜ் நகரில் அவர் கல்வி கற்றபோது, புதிய மாணவரின் கூச்சத்தைக் குறிவைத்துத் துன்புறுத்தும் ஒரு கூட்டம் அங்கே இருந்தது. அவர்களுடைய செயல்களில் தாம் சேரவில்லை, ஆயினும் அவர்களோடு பழகினேன், அவர்களைப்போல் இல்லையே என்று வெட்கப்படவும் செய்தேன் என்ற கருத்தில் அவர் பின்னாளில் தம் அறிக்கையில் எழுதினார். நன்மை செய்ய வெட்கப்படுவது! நம் பிள்ளைகளுக்கும் வரும் சோதனை இதுவே அல்லவா?

"நாங்களும் பட்டோம், அவர்களும் படட்டும்" என்பர் சிலர். பட்ட காயத்தை அடுத்தவனுக்குக் கொடுப்பதால் காயம் ஆறுமா? "ஒற்றுமையை வளர்க்கிறோம்" என்பர் வேறு சிலர். பெரிய வியாழன் இரவிலே நம் ஆண்டவர் சீடரை ஒன்றாக்கிய விதத்தைப் பாருங்கள். குருவும் ஆண்டவருமான அவர் எவருடைய ஆடையையும் களையவில்லை. தம் மேலாடையைக் களைந்து வைத்து, குனிந்து, இளையோரின் பாதங்களைக் கழுவினார். அவரும் முழந்தாளிட்டார். மூத்தவனுக்குரிய இடம் அதுவே.

அன்பான பெற்றோரே, முதலாம் ஆண்டில் நீங்கள் கேட்கும் கேள்வி சரியானதே. ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒருவரும் எம்மிடம் வந்து, "சுவாமி, என் பிள்ளை பகிடிவதை செய்வானோ?" என்று கேட்பதில்லையே! வதைப்பவனும் ஒரு தாயின் பிள்ளைதான். ஒருவேளை நம் பங்கின் பிள்ளை, பீடத்தில் உதவி செய்த பிள்ளை. விடுமுறைக்கு வரும் மகனிடமும் மகளிடமும், "உன்னை என்ன செய்தார்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் மௌனமாயிருந்தால், பொறுமையாக மறுபடியும் கேளுங்கள். அடுத்த ஆண்டிலே, "நீ என்ன செய்தாய்? செய்யப்பட்டபோது எங்கே நின்றாய்?" என்றும் கேளுங்கள்.

புதிதாய் வரும் தம்பி தங்கையரின் பெட்டியைத் தூக்கி, விடுதிக்கு வழிகாட்டி, பழைய குறிப்புகளைக் கொடுக்கும் ஓர் அண்ணாவை, ஓர் அக்காவை ஒவ்வொரு கத்தோலிக்கக் குடும்பமும் அனுப்பிவைக்கட்டும். முள்முடி சூடிய ஆண்டவர் அவர்களுக்குத் துணிவைத் தருவாராக.