அக்சிடி: நண்பகல் பேயின் கதை

அக்சிடி என்ற ஆங்கிலச் சொல்லை இன்று இறையியல் நூல்களுக்கு வெளியே காண்பது அரிது. அகராதிகள் அதற்குச் சோம்பல், மனச்சோர்வு என்று பொருள் தருகின்றன. இரண்டும் பாதி உண்மைதான். அதன் மூலமான ‘அகேடியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு அக்கறையற்ற நிலை என்று பொருள்.

எகிப்தியப் பாலைவனத்தில் தனிக்குடில்களில் வாழ்ந்த 4-ஆம் நூற்றாண்டுத் துறவிகள் இந்நிலையை நோய்க்குறி பார்ப்பதுபோல் கவனித்தார்கள். அவர்களில் எவாக்ரியஸ் (மறைவு 399) மனிதரைக் கெடுக்கும் எட்டு எண்ணங்களை வகுத்து, எல்லாவற்றிலும் கொடியது இதுவே என்றார். நண்பகல் பேய் என்றும் இதை அழைத்தார். காலை பத்து மணியளவில் அது வந்து பிடிக்கும். சூரியன் நகர மறுக்கும். பகலுக்கு 50 மணி நேரம் இருப்பதுபோல் தோன்றும். துறவி வெளியே வந்து, சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பார். யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். இருக்கும் இடம் கசக்கும், செய்யும் கைத்தொழில் கசக்கும். வேறெங்காவது போனால் கடவுளை இன்னும் நன்றாக வழிபடலாமே என்று மனம் நியாயம் பேசும். படுத்துக் கிடப்பது மட்டுமல்ல, இப்படி நிலைகொள்ளாமல் அலைவதும் அக்சிடிதான். பிற்காலம் மறந்துபோனது இதைத்தான்.

காசியன் என்ற துறவி இந்தப் போதனையை லத்தீனுக்குக் கொண்டுவந்தபோது உடலுழைப்பையே மருந்தாக வலியுறுத்தினார். 6-ஆம் நூற்றாண்டில் போப் முதலாம் கிரகோரி தம் பாவப் பட்டியலில் இதற்குத் தனியிடம் தராமல் துயரத்தைச் சேர்த்தார். 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் தந்த விளக்கமே மிக ஆழமானது: கடவுள் தரும் நன்மையைக் கண்டு மகிழ வேண்டிய மனம் வருந்துவதே அக்சிடி. அப்படியானால் அதற்கு எதிர்ப்பதம் சுறுசுறுப்பு அல்ல. அன்பிலிருந்து பிறக்கும் மகிழ்ச்சி. ஓய்வுநாள் கட்டளையை மீறும் பாவமாகவும் அவர் இதைக் கருதினார். ஓயாது உழைப்பவரும் இதில் விழலாம் என்பது அதிலிருந்து தெளிவாகிறது.

ஆங்கிலத்தில் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் சாசர் எழுதிய பாதிரியாரின் கதையில் இச்சொல் இடம்பெறுகிறது. அக்காலப் பாவமன்னிப்புக் கையேடுகளோ பூசைக்கு வராதது, கடமையில் பிந்துவது போன்ற வெளிக் குற்றங்களையே எண்ணின. அகத்துயரம் சோம்பலாகச் சுருங்கியது. 1923-இல் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி இதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி, நவீன இலக்கியத்தின் சலிப்பையும் விரக்தியையும் இதனுடன் இணைத்தார்.

மருத்துவம் மனச்சோர்வு என்று சொல்லும் நோயை இதனோடு குழப்புவது தவறு. நோயாளியிடம் பாவம் என்று சொல்வது கொடுமை. அக்வினாஸே இங்கு ஒரு கோடு கிழித்தார்: சலிப்பு புலனுணர்வில் தலைகாட்டுவது சிறு பாவமே, அறிவு அதற்கு முழுச் சம்மதம் தரும்போதுதான் அது பெரும்பாவம்.