மதிப்பெண்ணும் ஓர் அமானிதமே

கோடை பிறந்துவிட்டால் நீலகிரி மலையில் காட்சிகளுக்கும் போட்டிகளுக்கும் பஞ்சமில்லை. உதகை அரசினர் தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் காட்சி, இவற்றோடு நாய்க் கண்காட்சி என்று மே மாதம் மலையே களைகட்டி நிற்கும். குதிரையும் இம்மலைக்குப் புதியதல்ல. உதகைப் பந்தய மைதானத்தில் 1886-ஆம் ஆண்டு முதல் குதிரைகள் ஓடின. குத்தகைப் பாக்கியின் காரணமாக 2024-ஆம் ஆண்டில் அரசு அந்நிலத்தை மீட்டுக்கொண்டது. ஏரிக்கரையில் மட்டக்குதிரைகள் இன்றும் சுற்றுலா வருவோரைச் சுமந்து நடக்கின்றன.

போட்டி உள்ள இடத்தில் பரிசு உண்டு. பரிசு உள்ள இடத்தில் நடுவர் உண்டு. ஒரு ரோஜாவுக்கோ, நாய்க்கோ, குதிரைக்கோ முதலிடம் கொடுப்பதில் மார்க்கத்திற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். "விளையாட்டுத்தானே! ஒருவருக்கு ஒரு மார்க் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?" என்பது அவர்களின் எண்ணம். இந்த எண்ணம் சரியானதுதானா என்பதை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

பந்தயத்தில் பணம் கட்டிச் சூதாடுவது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அது வேறு விஷயம். இங்கே நாம் பேச வந்தது தீர்ப்புச் சொல்பவரின் நேர்மையைப் பற்றி மட்டுமே.

ஓட்டத்திற்கும் கண்காட்சிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஓட்டத்தில் எல்லைக்கோட்டை முதலில் தாண்டிய குதிரையை ஊரே பார்க்கிறது. கண்காட்சியிலோ அப்படியொரு கோடு கிடையாது. குதிரையின் கால் அமைப்பு, கழுத்தின் நிமிர்வு, நடையின் சீர், ஏறியவரின் சொல்லுக்கு அது கட்டுப்படும் பாங்கு ஆகியவற்றைப் பார்த்து நடுவர் சொல்வதுதான் முடிவு. ஓட்டத்தில் வென்றவரை நடுவர் அறிவிக்கிறார்; கண்காட்சியில் வென்றவரை அவரே உண்டாக்குகிறார். அளந்து பார்க்க வழியில்லாத இடத்தில் பொறுப்பு குறைவதில்லை, கூடவே செய்கிறது. ஏனெனில் அங்கே அவருடைய உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

பெருமானார் காட்டிய முறை

நம் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பந்தயத்திற்கென்று பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளை ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை ஓடச் செய்தார்கள். ஐந்தாறு மைல் தூரம். பயிற்சி பெறாத குதிரைகளை ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறக்குறைய ஒரு மைல் மட்டுமே ஓடச் செய்தார்கள். அப்பந்தயத்தில் தாமும் கலந்துகொண்ட இப்னு உமர் (ரலி) அவர்களே இதை அறிவிக்கிறார்கள். புகாரீயில் இடம்பெற்றுள்ள செய்தி இது. பயின்றதையும் பயிலாததையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடாத அந்த ஏற்பாட்டில் எத்துணை நீதி இருக்கிறது, பாருங்கள்!

இன்னொரு செய்தியும் உண்டு. பெருமானாரின் அல்அழ்பா என்னும் ஒட்டகத்தை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாப் பெருமக்களுக்கு அது மிகுந்த வருத்தமாகிவிட்டது. பெருமானார் (ஸல்) அவர்களோ, உலகில் உயர்ந்து நிற்கும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தைச் சொல்லி அவர்களை அமைதிப்படுத்தினார்கள். அகிலத்தின் அருட்கொடையான அண்ணலாரின் ஒட்டகம் தோற்றது, தோற்றதாகவே அறிவிக்கப்பட்டது. "நபியின் ஒட்டகமாயிற்றே" என்று எவரும் முடிவைத் திருத்தவில்லை. அப்படியிருக்க, ஊர்ப் பெரிய மனிதரின் குதிரைக்காகவும், கமிட்டித் தலைவரின் தோட்டத்து ரோஜாவுக்காகவும் முடிவைத் திருத்த நமக்கு ஏது உரிமை?

தெரியாமலே சாயும் தராசு

காசு வாங்கிக்கொண்டு தீர்ப்பளிப்பது குற்றம் என்பதை எல்லோரும் அறிவர். அதைவிட நுட்பமான நோய் ஒன்று உண்டு. தன் ஆளுக்குச் சாதகமாகச் சாய்கிறோம் என்பதே தெரியாமல் சாய்வது அது.

1956-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் ஆஸ்திரேலியாவில் நடந்தன. அந்நாட்டின் கால்நடைத் தடுப்புச் சட்டத்தால் வெளிநாட்டுக் குதிரைகள் உள்ளே நுழைய இயலவில்லை. எனவே குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் நடத்தப்பட்டன. குதிரையின் நடையழகையும் பயிற்சியையும் பார்த்து மதிப்பெண் இடும் டிரஸ்ஸாஜ் போட்டியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெர்மானிய நடுவருக்கு முதல் மூன்று இடங்களுக்கும் உரியவர்களாக ஜெர்மானியர்களே தெரிந்தார்கள். ஸ்வீடன் நாட்டு நடுவருக்கு ஸ்வீடன்காரர்களே தெரிந்தார்கள்! சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் அவ்விருவர் மீதும் நடவடிக்கை எடுத்து விலக்கி வைத்தது. 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் குழுப் போட்டியே நடைபெறவில்லை.

அவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நாம் முடிவு கட்டத் தேவையில்லை. தம் நாட்டு நடையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவே அழகாகத் தெரிந்திருக்கலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. "என் மனசாட்சிக்கு விரோதமில்லாமல்தான் மார்க் போட்டேன்" என்று ஒருவர் சொல்வது மட்டும் போதாது. மனசாட்சியும் உறவையும் ஊரையும் பார்த்துப் பழகிய ஒன்றல்லவா?

இதனால்தான் நம் மார்க்கம் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நில்லாமல் வேலியும் போட்டு வைத்திருக்கிறது. தந்தைக்காக மகனும், மகனுக்காகத் தந்தையும் சொல்லும் சாட்சியத்தை ஷாபிஈ, ஹனபீ ஆகிய இரு மத்ஹபுகளும் ஏற்பதில்லை. சாட்சி சொல்பவர் பொய்யர் என்பது அதன் பொருளன்று; பாசம் கண்ணை மறைக்கும் என்பதே பொருள். கோபத்தில் இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்பளிக்கலாகாது என்று பெருமானார் தடுத்ததும் இதே காரணம் பற்றியே. தேயிலைத் தூளைச் சுவைத்துத் தரம் சொல்பவர்களுக்குள்ளும் இப்படியொரு நல்ல முறை உண்டு. எந்தத் தோட்டத்துத் தூள் என்பதை மறைத்து, கோப்பைக்கு எண்ணை மட்டும் இட்டுச் சுவைக்கச் செய்வார்கள். பெயர் மறைந்தால் நாக்கு நேர்மையாகிவிடும்.

வேலி போட்ட பிறகும் நடுவர் தவறக்கூடும். உண்மையாக முயன்று தீர்ப்பளித்தவர் சரியாகச் சொன்னால் அவருக்கு இரண்டு கூலி, தவறினாலும் ஒரு கூலி உண்டு என்பது நாயக வாக்கின் கருத்து. இரண்டு நடுவர்களின் கருத்து வேறுபடுவது பாவமன்று. முயற்சியில் வஞ்சகம் கலப்பதே பாவம்.

இரக்கம் யாருடைய பையிலிருந்து?

நல்லவர்களே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. போட்டியில் ஓர் ஏழை வந்து நிற்கிறார். வாடகைக்கு ஓடும் ஒற்றை மட்டக்குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி ஆசையோடு கொண்டுவந்திருக்கிறார். அல்லது தகப்பனை இழந்த சிறுவன் ஒருவன் தான் வளர்த்த பூந்தொட்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். இரக்கப்பட்டு இரண்டு மார்க் கூட்டிப் போட்டால் அது நன்மையாகாதா?

ஆகாது என்றே நாம் சொல்வோம். இரக்கம் நன்மைதான், ஆனால் அது யாருடைய பையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது என்பதே கேள்வி. நடுவரின் கையிலுள்ள மதிப்பெண் அவருடைய சொத்தல்ல. போட்டியாளர்கள் அவரிடம் ஒப்படைத்த அமானிதம். ஒருவருக்குக் கூட்டிப் போட்ட இரண்டு மார்க், அதற்கு உரியவரிடமிருந்து எடுக்கப்பட்டதேயாகும். அந்த உரியவரும் ஏழையாக இருக்கலாம். அவரும் அநாதையாக இருக்கலாம். எதிரே நின்று கண்ணீர் விட்டவர் தெரிகிறார். பேசாமல் வீடு திரும்பியவர் தெரிவதில்லை. வழக்கில் உள்ளவர் பணக்காரராயினும் ஏழையாயினும் நீதியிலிருந்து விலகாதீர்கள் என்னும் கருத்தை அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் அருளியிருக்கிறான். பணக்காரர்பால் சாய்வதை மட்டுமல்ல, ஏழையின்பால் சாய்வதையும் இறைமறை தடுக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இரக்கம் வந்தால் நடுவர் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும், அது ஸதக்கா.

அதே ஸ்டாக்ஹோமில் வெள்ளிப் பதக்கம் வென்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் என்னும் பெண்மணி. இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர்; குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டும். அவருக்கு இரக்கப்பட்டு மார்க் போட்டார்கள் என்று சொல்ல இடமிருந்தால் அந்தப் பதக்கத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? திறமையுள்ள பலவீனருக்கு நாம் செய்யும் பெரிய மரியாதை நீதிதான்.

அன்பளிப்பைப் பற்றியும் ஒரு சொல். போட்டிக்கு முதல் நாள் நடுவர் தங்கிய இடத்துக்கு ஒரு தேயிலைப் பொட்டலம் வரும். கூடவே வர்க்கியும் தைலப் புட்டியும் வரும். "மலைக்கு வந்தவருக்கு மரியாதை" என்பார்கள். ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டியபோது பெருமானார் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். நடுவராக வரும் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

"நாளைக்கும் இவர்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும்!" என்று அஞ்சுவோர்க்கு ஒரு வரலாறு. ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் கிராமத்து அரபி ஒருவரிடம் குதிரை வாங்கி ஏறிச் சென்றார்கள். வழியில் அது நொண்டிவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு கேட்க, விற்றவர் மறுத்துவிட்டார். வழக்கு ஷுரைஹ் (ரஹ்) அவர்களிடம் போயிற்று. வாங்கியதை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று அவர் கலீஃபாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். உமர் (ரலி) அவர்கள் சினங்கொள்ளவில்லை; அவரைக் கூஃபா நகரின் காழியாக நியமித்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தமக்கெதிராகத் தீர்ப்புச் சொன்னவரை உயர்த்தும் தலைவர் இருந்தால் நேர்மையான நடுவர்களுக்குப் பஞ்சம் வராது. தோற்றவரும் விழாக் கமிட்டியாரும் கற்க வேண்டிய பாடம் இது.

நம் வீட்டு நடுவர்கள்

குதிரைக் கண்காட்சியில் நடுவராக அமரும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்கு வரப்போகிறது? ஆனால் மத்ரஸாவின் கிராஅத் போட்டியிலும், மீலாது விழாப் பேச்சுப் போட்டியிலும் நாம் அமர்கிறோம். நன்கொடை தந்தவரின் பிள்ளைக்கு முதல் பரிசு போய்விட்டால், நன்றாக ஓதிய பிள்ளையின் உள்ளத்தில் என்ன பதியும்? பரிசு போனது சிறிது. "ஓதுவதைவிட ஆள் பலமே பெரிது" என்ற பாடம் பதிந்துவிட்டால் அது பெரிது. குர்ஆனின் பெயரால் நடந்த சபையிலேயே அநீதியைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

வீட்டிலும் தாய் தந்தையர் நடுவர்களே. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்தம் தந்தை ஓர் அன்பளிப்புக் கொடுத்து, அதற்குப் பெருமானாரைச் சாட்சியாக்க வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் இதே போல் கொடுத்தீரா என்று பெருமானார் கேட்டார்கள். இல்லை என்றதும் அந்த அநீதிக்குச் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். சொந்தப் பொருளைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதிலேயே இத்துணைக் கண்டிப்பு என்றால், நமக்குச் சொந்தமில்லாத மதிப்பெண்ணை ஊரார் பிள்ளைகளுக்கிடையே பங்கிடுவதில் எத்துணைக் கண்டிப்பு வேண்டும்!

ஆகவே, நம் உறவினரோ வேண்டியவரோ போட்டியில் இருந்தால் நடுவர் நாற்காலியை விட்டு நாமாகவே எழுந்துவிடுவோம். இயன்ற இடங்களில் பெயரை மறைத்து எண்ணை வைப்போம். மார்க் இடுமுன், இது ஒரு ஷஹாதத், இதற்கு மறுமையில் விசாரணை உண்டு என்பதை நினைப்போம். கோப்பை அலமாரியில் கறுத்துப் போகும். அதைக் கொடுத்த கையின் கணக்கு அழியாது.

அல்லாஹ் ரப்புல் ஆலமீன் நம் நாவையும் பேனாவையும் நீதியின் மீது நிலைத்திருக்கச் செய்வானாக! ஆமீன்.