எந்தத் துப்பாக்கி என்பதும் அறக் கேள்விதான்

கென்ட்டில் அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து கோவா, போஞ்சி, பீட்ரூட், லீக்ஸ் போடுகிறேன். விற்பதற்காகத்தான். நான் பிறவியிலேயே சைவம், முட்டைகூடத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவன் முயல் சுடுவதற்கு ஏர் ரைபிள் விசாரித்துக் கடையேறலாமா என்று அக்கா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

வள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்திருக்கிறார், நாம் இல்லறத்தார், ஆகவே நமக்கு விலக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். வேறு சிலர் மகாபாரத வனபர்வத்துக்குப் போவார்கள். அங்கே மிதிலையில் இறைச்சி விற்கும் தருமவியாதன், ஏர் உழுகிறவனும் மண்ணுக்குள் எத்தனையோ உயிரைக் கொல்கிறான் என்று கௌசிகனுக்குச் சொல்கிறான். உண்மைதான். ஆனால் கலப்பை மண்புழுவைக் குறிபார்ப்பதில்லை. நான் முயலைக் குறிபார்ப்பேன். சமணர்கள் இல்லறத்தானின் இம்சையை நான்காகப் பிரிக்கிறார்கள்: வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, எண்ணிச் செய்வது. இந்தக் கடைசி வகையை இல்லறத்தானும் விட்டேயாக வேண்டும். முயலைச் சுடுவதைத் தொழிலில் நேர்வதாகக் கணக்கெழுதிக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. அது எண்ணிச் செய்வதுதான். அந்தப் பாவம் என்னுடையது.

பாவமென்று சும்மா இருந்துவிடவும் முடியாது. நிலம் வைத்திருப்பவர் தன் நிலத்து முயல்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் 1954ஆம் ஆண்டுச் சட்டம். முதலில் வேலி போட்டேன். 31 மி.மீ. கண் உள்ள கம்பி வலை. முயல் அடியில் தோண்டும் என்பதால் கீழே 15 செ.மீ. அளவுக்கு வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்க வேண்டும். மூன்று பக்கம் அது போதும். நாலாவது பக்கத்து மண்திட்டில், என் எல்லைக்குள்ளேயே, முயல்களின் வளைகள் இருக்கின்றன. வேலிக்குள் குடியிருப்பவரை வேலி தடுக்காது.

ஆள் வைத்துச் சுடலாம், நீங்கள் பார்க்கவே வேண்டாம் என்றார்கள். இதைத்தான் நான் அடியோடு வெறுக்கிறேன். தன் கை படாமல் கொல்வது எப்படிப்பட்டது என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 1953இல் மிக்ஸோமடோசிஸ் நோய் பிரித்தானியாவுக்குள் நுழைந்தபோது முதலில் பரவிய இடங்களில் இந்தக் கென்ட்டும் ஒன்று. கண்ணும் முகமும் வீங்கி, குருடாகி, நாள்கணக்கில் வதைபட்டு நாட்டின் முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மடிந்தன. நோயுற்ற முயலைத் தூக்கிப்போய்த் தங்கள் நிலத்தில் விட்ட விவசாயிகளும் இருந்தார்கள். அதற்கு அவர்களில் யாருடைய கையும் துப்பாக்கியைத் தொட வேண்டியிருக்கவில்லை. அப்படிப் பரப்புவதைக் குற்றமாக்கியதும் அதே 1954ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

ஆகவே நானே சுடுவது என்று முடிவெடுத்தேன். அங்கேதான் அறம் தொடங்குகிறது என்பது என் கட்சி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனி அனுமதிப் பத்திரம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர் ரைபிளின் வலு 12 ஃபுட் பவுண்டைத் தாண்டக் கூடாது. அது சிறிய வலு. அதற்குள் இரண்டு காலிபர் பேசப்படுகிறது: பாயிண்ட் ஒன் செவன் செவன், அதாவது 4.5 மி.மீ.; பாயிண்ட் டூ டூ, 5.5 மி.மீ. சின்னதன் ஈயக் குண்டு சுமார் அரை கிராம், வேகமாக நேராகப் போகும். பெரியது சுமார் ஒரு கிராம், பலமாக அடிக்கும், ஆனால் மெதுவாகப் போய்ச் சீக்கிரம் தாழும். முயலுக்குப் பெரியதுதான் என்பார்கள் பழைய ஆட்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எந்தக் குண்டானாலும் உடம்பில் பட்டால் முயல் வளைக்குள் ஓடிப்போய் இருட்டில் கிடந்து சாகும். கண்ணுக்கும் காதுக்கும் இடையில் ஓர் அங்குலம், அங்கே பட்டால்தான் அந்தக் கணமே முடியும். அப்படியானால் என் கை எதில் குறைவாகத் தவறும் என்பது ஒன்றே கேள்வி. இருபது கஜத்தை முப்பது கஜமாக நினைத்துவிட்டால் பெரிய குண்டு அதிகமாக விலகும். நான் 4.5 எடுத்தேன்.

ஸ்பிரிங் துப்பாக்கி மலிவு. ஆனால் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே அது உதறும். உருளையில் காற்றடைத்த வகை அசையாது, விலை பலமடங்கு. மரக்கறி விற்ற காசில் பெரும்பங்கை அதற்குக் கொடுத்தேன். அந்தக் காசு முயலுக்கு நான் பட்ட கடன். இருபத்தைந்து கஜத்தில், ஓர் அங்குல வட்டத்துக்குள் ஒவ்வொரு குண்டும் விழும்வரை கடதாசியை மட்டுமே சுட்டேன். காற்று வீசினால் இன்றும் துப்பாக்கியை எடுப்பதில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது, எந்தக் காலத்தில் சுடுவது என்பது. சினைப்பட்டு ஏறக்குறைய முப்பது நாளில் குட்டி போடும் விலங்கு முயல். குட்டிகள் மயிரின்றி, கண் திறக்காமல் வளைக்குள் கிடக்கும். மே மாதத்தில் தாயைச் சுட்டால் மண்ணுக்கடியில் அத்தனையும் பட்டினியால் சாகும், எனக்குத் தெரியவே தெரியாது. அதனால் நவம்பர், டிசம்பரில் மட்டும் சுடுகிறேன். வசந்தத்தில் நாற்றின் மேல் வலை போடுகிறேன். போகிற கோவா போகட்டும். சுட்ட முயலை, சாப்பிடுகிற பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கிறேன்.

இந்த நாட்டில் நிலம் எடுத்துப் பயிர் செய்யும் சைவக் குடும்பங்களிடம் ஒன்று கேட்கிறேன். முடிந்தவரை வேலி போடுங்கள், நட்டத்தைத் தாங்குங்கள். தாங்க முடியாவிட்டால் நீங்களே சுடப் பழகுங்கள். கூலிக்கு ஆள் பிடித்துவிட்டு, நான் கொல்லவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.