கப்பலேறிய கங்கை

கடல் தாண்டினால் தீட்டு என்ற அச்சம் ஒரு ராஜாவை எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் வரும்படி ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங்குக்கு அழைப்பு வந்தது. போகாவிட்டால் சக்கரவர்த்திக்கு மரியாதைக் குறைவு. போனால் ஆசாரம் கெடும். மாட்டிறைச்சி சமைத்தறியாத கப்பல்தான் வேண்டும் என்று, அப்போதுதான் கட்டி முடித்திருந்த ‘ஒலிம்பியா’ நீராவிக் கப்பலை மொத்தமாக வாடகைக்கு எடுத்தார்கள். உள்ளே கிருஷ்ணனுக்குச் சந்நிதி. குடிக்கக் கங்கை நீர். அதைக் கொண்டுபோக வெள்ளி நாணயங்களை உருக்கிச் செய்த அண்டாக்கள், ஐந்தடிக்கு மேல் உயரம், ஒவ்வொன்றும் 345 கிலோ. எட்வர்டுக்குக் குடல்வால் சிகிச்சை நடந்து விழா ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. கங்கை நீருக்கும் கூடுதல் வேலை!

தூய்மை என்பது ஊரைவிட்டுப் புறப்படும்போது மூட்டை கட்டி எடுத்துப்போகக் கூடியதா?

சாஸ்திரமே இதில் ஒருமுகமாக இல்லை. பௌதாயன தர்ம சூத்திரம் கடற்பயணத்தைப் பெரும் குற்றங்களுள் வைக்கிறது. அதே நூல், கடலில் போவது வடக்கத்தியார் வழக்கம் என்றும் எழுதிவைத்திருக்கிறது. நம் பக்கத்துச் சேதுவிலோ கடல்நீராட்டுதான் பாவம் போக்கும் வழி. கரையோரம் முழுகினால் புண்ணியம் தரும் அதே உப்புநீர், நடுக்கடலில் மட்டும் பாவமாவது எப்படி?

ஜெய்ப்பூர்க் கப்பலுக்கு ஐந்தாண்டு முன்பே இதற்கு விடையை ஒரு ராஜா நடந்து காட்டியிருந்தார். 1897 ஜனவரி 26 அன்று, மேல்நாடுகளில் இருந்துவிட்டு இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தரைப் பாம்பனில் அரசப் படகில் சென்று எதிர்கொண்டவர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. சேதுவைக் காக்கும் வம்சத்தின் தலைவர், கடல் கடந்து வந்த துறவியின் காலில் விழுந்தார். குதிரைகளை அவிழ்க்கச் சொல்லி, வண்டியைத் தாமும் சேர்ந்து இழுத்தார்.

ராஜாக்களுக்காவது இதை யோசிக்க அவகாசம் இருந்தது. 1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் தென்னாப்பிரிக்க நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளுக்கு வெள்ளி அண்டாவும் இல்லை, சந்நிதியும் இல்லை. சாதிக் கட்டுப்பாடும் கலத்தோடு கலைந்தது. ஒரே அடுப்பு, ஒரே சோறு. தீட்டு என்பது வசதிக்குத் தக்கபடி பார்க்கப்பட்ட சங்கதி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சாமி மட்டும் அவர்களை விடவில்லை. டர்பனுக்கு அருகே மவுண்ட் எட்ஜ்கோம்பில் 1890-இல் அந்தக் கூலி மக்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்றும் ஈஸ்டர் விடுமுறையில் திருவிழாக் கூட்டம் நெரிகிறது.