ஒளிந்திருந்த மேய்ப்பர்

31 வருஷம் ஐயராக ஊழியம் பார்த்தவன் நான். அதில் ஒரு நாள் மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது. 2021 மே மாதம். சபையின் மூத்தவர் ஒருவர் கொரோனாவில் போய்விட்டார். எனக்குச் சர்க்கரை உண்டு. வீட்டில் வெளியே விடவில்லை. உபதேசியார்தான் கவச உடையை மாட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். நான் குருமனையில் உட்கார்ந்து போனில் ஜெபம் செய்தேன். பத்து நாள் கழித்து அந்த வீட்டு அம்மா, "ஐயா சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

அதற்கப்புறம்தான் சிப்ரியானை ஒழுங்காகப் படித்தேன். இறையியல் கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பெயர். ஊர் கார்த்தேஜ், இன்றைய துனீசியாவின் கடற்கரை. பேச்சுக்கலை கற்பித்த வசதியான மனிதர். ஞானஸ்நானம் பெற்றுச் சில வருஷத்திலேயே சபைக்குக் கண்காணியாக, அதாவது பிஷப்பாக, ஆகிவிட்டார். மூப்பர்கள் சிலருக்கு அது கசந்தது. கசக்காதா பின்னே?

கி.பி. 250-இல் ரோமப் பேரரசர் டீசியஸ் ஆணை போட்டார்: எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சீட்டு வாங்க வேண்டும். எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட சீட்டுகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் டயோஜினஸ் என்ற கிழவர். வயது 72, வலப் புருவத்தில் தழும்பு. எப்போதும் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் முன்னால் பலியிட்டு அந்த இறைச்சியைத் தின்றேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கார்த்தேஜில் பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்.

சிப்ரியான் பலியிடவில்லை. ஒளிந்துகொண்டார். ரோமாபுரியின் கண்காணி ஃபேபியன் அந்த ஜனவரியில்தான் விசுவாசத்துக்காக உயிர்விட்டிருந்தார். அங்கிருந்த மூப்பர்கள், ஆட்டை விட்டுவிட்டு ஓடும் கூலியாள் கதையை ஜாடையாக எழுதி அனுப்பினார்கள். ஒளிவிடத்திலிருந்தபடியே சபையை நடத்தினேன் என்று காட்ட, தான் எழுதிய 13 கடிதங்களின் நகலை அவர்களுக்கு அனுப்பினார் சிப்ரியான். ஜனக்கூட்டம் தன்னைச் சிங்கத்துக்குப் போடச் சொல்லிக் கத்துகிறது, தான் இருந்தால் சபைக்கே ஆபத்து என்றார். நியாயம்தான். ஒளிகிறவனிடம் நியாயத்துக்கு எப்போதுமே பஞ்சமில்லை, எனக்குத் தெரியும்.

அடுத்து வந்ததுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. 251-இல் திரும்பி வந்தார். பலியிட்டவர்களும் சீட்டு வாங்கியவர்களும் அழுதுகொண்டு வாசலில் நின்றார்கள். சிறையில் அடிபட்ட விசுவாசிகளோ அவர்களுக்கு மன்னிப்புக் கடிதங்களை வாரி வழங்கியிருந்தார்கள். அடிபட்டவன் மன்னிக்கிறான், ஒளிந்திருந்தவர், பொறுங்கள், விசாரிக்க வேண்டும் என்கிறார்! முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்களுக்குச் சாகும் தறுவாயில்தான் சமாதானம் என்று அவரும் மற்றக் கண்காணிகளும் கூடி முடிவெடுத்தார்கள். ஆனால் அடுத்த உபத்திரவம் வரும்போல இருந்ததும் அந்த முடிவை அவர்களே தளர்த்தினார்கள். மனந்திரும்பி நின்ற எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துவின் இரத்தத்தைப் பானம்பண்ணக் கொடுக்காமல், அவருக்காக உன் இரத்தத்தைச் சிந்து என்று எப்படிக் கேட்பது என்பது அவர்கள் வாதம். போட்ட கணக்கைத் தானே அழித்து எழுதிய அந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

258-இல், இன்னொரு உபத்திரவத்தின்போது, அவர் மறுபடியும் ஒளிந்தார். உத்திக்கா பட்டணத்துக்கு விசாரணைக்கு அழைத்துப்போக ஆள் வருவது தெரிந்ததும் மறைந்துவிட்டார். கண்காணி தன் சொந்த ஊரில், தன் சபையார் நடுவில்தான் சாக வேண்டும் என்பது காரணம். ஆளுநர் கார்த்தேஜுக்கு வந்ததும் திரும்பி வந்து பிடிபட்டார். செப்டம்பர் 14 அன்று தீர்ப்பைக் கேட்டு தேவனுக்கு நன்றி சொன்னார். வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். இதையெல்லாம் பிரசங்கத்தில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டது முந்தின இரவை. அவரைக் காவலில் வைத்திருந்த வீட்டுக்கு முன்னால் சபையார் திரண்டு, தெருவிலேயே விடியவிடியக் கிடந்தார்கள். விடிந்தால் தலை போகப்போகிறது. கூட்டத்தில் இளம்பெண்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார்.