தளர்வது குற்றமா?

அரியர் விழுந்து மனமுடைந்த மாணவரிடம் ‘மனதைத் திடப்படுத்திக்கொள்’ என்றால் போதும் என்போர் கீதையைச் சான்று காட்டுவதுண்டு. கீதை காட்டும் வழி வேறு. உடல் நடுங்கி, காண்டீபம் நழுவ நின்ற அர்ஜுனனைக் கண்ணன் முதலில் கடிந்துகொள்கிறான், அது பலிக்கவில்லை. பிறகு பதினெட்டாம் அத்தியாயம் வரை பொறுமையாகப் பேசி, முடிவை அவனிடமே விடுகிறான்.

இப்படிப் பொறுமையாகப் பேசும் மனநல ஆலோசகரை நாடினால் தன்னம்பிக்கை குறையும் என்பது சிலரின் ஆட்சேபம். வில்லாற்றலில் சிறந்தவனுக்கே துணை தேவைப்பட்டதே! எல்லோருக்கும் கண்ணன் கிடைப்பானா என்று கேட்கலாம். அதற்காகத்தான் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பல்கலைக்கழகங்கள் அதை ஏட்டளவில் நிறுத்தாமல் நிறைவேற்ற வேண்டும்; அதுவே அறம்.