மீட்டர் அசைகிறது

பதிவு முடிந்து பிளே அழுத்தினால் கோடு நகர்கிறது, அலைவடிவம் கண்முன் ஓடுகிறது, காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. அப்போது கை பரபரக்கும். கேபிளைப் பிடுங்கத் தோன்றும், டிரைவரை அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தோன்றும். எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் மீட்டரைப் பார்ப்பது நல்லது.

கடைமடைக்குத் தண்ணீர் வராத விவசாயி ஆற்றைத் திட்டுவதில்லை. வாய்க்கால் வழியே நடந்து, எந்த மடையில் நின்றுவிட்டது என்று பார்க்கிறார். ஒலிக்கும் மடைகள் உண்டு: ட்ராக், மாஸ்டர், மென்பொருளில் தேர்ந்தெடுத்த சாதனம், டிரைவர், யூஎஸ்பி, மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், அதன் திருகி, ஹெட்ஃபோன். ட்ராக் மீட்டரும் மாஸ்டர் மீட்டரும் அசைந்தால் முதல் இரண்டைத் தாண்டிவிட்டது. ட்ராக் அசைந்து மாஸ்டர் சும்மா இருந்தால், ட்ராக்கை மாஸ்டருக்கு அனுப்பும் இணைப்பு அறுந்திருக்கிறது. இரண்டுமே அசையாவிட்டால் மியூட், சோலோ இரண்டையும் பார்க்க வேண்டும். மியூட் தன் ட்ராக்கை மட்டும் அடக்கும். சோலோ மற்ற எல்லாவற்றையும் அடக்கும். திரைக்குக் கீழே, கண்ணில் படாத ஒரு ட்ராக்கில் சோலோ விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

பாட்டியின் தாலாட்டை, மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு பதிவு செய்தவருக்கு இந்த மௌனம் வெறும் தொழில்நுட்பக் கோளாறு இல்லை. அதே மூச்சில் இன்னொரு முறை பாடச் சொல்ல முடியாது. அதனால் முதலில் வேவ் கோப்பாக எடுத்துக் கைபேசியில் போட்டுக் கேளுங்கள். அங்கே கேட்டால் பாட்டு பத்திரம். மனம் அடங்கியபின் மீதியைத் தேடலாம்.

அதிகம் குழப்புவது டைரக்ட் மானிட்டர். மைக்கில் பேசினால் ஹெட்ஃபோனில் நம் குரல் தெளிவாகக் கேட்கிறது. அப்படியென்றால் எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறோம். ஆனால் அந்தக் குரல் கணினிக்குள் போகவே இல்லை. மைக்கிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு வந்து, அங்கிருந்தே நேராகக் காதுக்குத் திரும்பிவிட்டது. இப்படி ஒரு குறுக்குவழி வைத்ததற்குக் காரணம் உண்டு. 48,000 சாம்பிள் ரேட்டில், கணினி ஒலியைச் சேர்த்துவைக்கும் பஃபர் 256 சாம்பிள் என்றால் ஒரு பஃபர் நிரம்ப 5.3 மில்லிவினாடி ஆகும். கணினிக்குள் போக ஒன்று, வெளியே வர ஒன்று, டிரைவரின் தாமதம் தனி. பாடுகிறவருக்குத் தன் குரலே பின்தங்கி வருவது தொந்தரவு. ஆகவே காதில் குரல் கேட்பது மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் உயிர் இருப்பதைத்தான் காட்டுகிறது. கணினியிலிருந்து திரும்பும் பாதையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சில இன்டர்ஃபேஸ்களில் இந்த இரண்டையும் கலக்கும் ஒரு திருகி உண்டு, ஒரு முனையில் இன்புட், மறுமுனையில் பிளேபேக். அது இன்புட் பக்கம் முழுக்கத் திரும்பியிருந்தால் பதிவு செய்தது கேட்காது. மென்பொருளில் எத்தனை அமைப்புகளை மாற்றினாலும் கேட்காது.

விண்டோஸில் இன்டர்ஃபேஸைச் செருகியதும் அதுவே இயல்பு ஒலிச்சாதனமாகிவிடுவது வழக்கம். மடிக்கணினியின் ஸ்பீக்கர் ஊமையாகும், பாட்டு எதுவும் செருகாத துளை வழியே போய்க்கொண்டிருக்கும். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளைத் திறந்தபின் இன்டர்ஃபேஸைச் செருகினால் பட்டியலில் அது தெரியாமல் போகலாம். சாதனங்களை மறுபடி தேடச் சொல்ல வேண்டும்.

ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஆசியோ என்ற டிரைவர் முறை, விண்டோஸின் ஒலிக்கலவையை ஒதுக்கிவிட்டு நேரே சாதனத்தோடு பேசுகிறது. தாமதம் குறைவு. ஆனால் பல டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் தரும். பின்னால் திறந்து கிடக்கும் உலாவி சாதனத்தை 44,100இல் பிடித்துவைத்திருக்க, நம் பதிவு 48,000 கேட்டு நிற்கலாம். அந்த 44,100 வீடியோ நாடாவிலிருந்து வந்த எண்: ஒலியை வீடியோ நாடாவில் எழுதிய காலத்தில் கோட்டுக்கு 3 சாம்பிள், புலத்துக்கு 245 கோடு, வினாடிக்கு 60 புலம். 1982இல் சிடி அதையே எடுத்துக்கொண்டது. ஒரு நாடா எந்திரத்தின் கணக்கு இன்றும் நம் மேசைமேல் இருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் கேட்க வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றி ஒலி வந்துவிட்டால், எது குணமாக்கியது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி இருட்டில் தேட வேண்டும்.

இன்னொரு மௌனம் பாதி மௌனம். வாத்தியங்கள் மெலிதாகக் கேட்கும், நடுவில் நிற்கும் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரே டிஆர்எஸ் கேபிளை ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு இன்புட்டில் செருகினால் இப்படி ஆகும். அந்த இன்புட் இடச் சேனலிலிருந்து வலச் சேனலைக் கழித்துக் கேட்கிறது. இரண்டிலும் ஒன்றாக இருப்பது குரல், அது கழிந்துவிடுகிறது. இன்டர்ஃபேஸின் பின்புறம் இடம், வலம் என்று தனித்தனித் துளைகள் இருக்கும். ஸ்பீக்கருக்கு ஒன்றாக இரண்டு கேபிள் அங்கிருந்து போட்டால் குரல் வந்துவிடும்.